கிறிஸ்தவப் பள்ளியில் பணப் பாடம்: அமெரிக்காவில் என்ன சொல்லித் தருகிறார்கள், அது எங்கே செல்லும்?

அமெரிக்காவில் ஒரு மாகாணம் மாற்றி ஒரு மாகாணம், 'பணத்தைக் கையாளும் பாடம் படிக்காமல் பள்ளிப் படிப்பை முடிக்க முடியாது' என்று சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம் அரிசோனா (2022), ஃபுளோரிடா (2023), டெக்சஸ் (2025) போன்ற மாகாணங்கள் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணத்தையே தரும் திட்டங்களை விரிவாகக் கொண்டுவந்துவிட்டன. டெக்சஸ் மட்டும் இதற்கென ஒதுக்கியது 100 கோடி டாலர். தனியார் பள்ளி என்றால் அங்கே பெரும்பாலும் மதம் சார்ந்த பள்ளிதான்.

இந்த இரண்டும் சேர்ந்ததில், கிறிஸ்தவப் பள்ளிகளைத் திரும்பிக்கூடப் பார்த்திராத குடும்பங்களும், டாலஸிலும் டாம்பாவிலும் இருக்கிற நம்மவர்கள் உட்பட, அவற்றின் பாடப் பட்டியலைப் புரட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அதில் அக்கவுண்டிங் இருக்கிறது, பர்சனல் ஃபைனான்ஸ் இருக்கிறது, தொழில்முனைவு இருக்கிறது, ஒவ்வொன்றின் கீழும் ஒரு பைபிள் வசனமும் இருக்கிறது. இது கணக்குப் பாடமா, வேதபாடமா? மாகாணச் சட்டம் கேட்கிற பாடம் இதுதானா? கல்லூரி ஏற்குமா?

சுருக்கமாகச் சொன்னால், ஒரே அட்டைக்குள் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று பணம் எப்படி வேலை செய்கிறது என்பது. மற்றது பணம் எதற்கு என்பது. முதலாவது எல்லாப் பள்ளியிலும் ஒன்றுதான், பற்றும் வரவும் ஞானஸ்நானம் பெறுவதில்லை. இரண்டாவது முதலாவதில் கலக்கும் சில இடங்கள் இருக்கின்றன. பார்க்க வேண்டியது அந்த இடங்களைத்தான்.

முதலில், எந்தக் 'கிறிஸ்தவப் பள்ளி'?

தமிழ்நாட்டில் கிறிஸ்தவப் பள்ளி என்றதும் நம் மனதில் வருவது அரசு உதவி பெறும் பள்ளி. நிர்வாகம் மறைமாவட்டமோ சி.எஸ்.ஐ.யோ, ஆசிரியர் சம்பளம் அரசு, பாடப்புத்தகம் அரசு, பரீட்சையும் அரசு. அங்கே வணிகவியல் குரூப் எடுக்கும் பிள்ளை படிக்கிற கணக்குப்பதிவியல் புத்தகமும் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளை படிக்கிற புத்தகமும் ஒன்றே.

அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே கிறிஸ்தவப் பள்ளி முழுக்கத் தனியார். பாடத்தை, புத்தகத்தை, ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது பள்ளியே. இப்படிப் பள்ளி நடத்த உரிமை உண்டு, அதில் பிள்ளையைச் சேர்க்கப் பெற்றோருக்கும் உரிமை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1925-லேயே ஒரிகன் மாகாணத்து வழக்கில் சொல்லிவிட்டது. ஹைஸ்கூல் என்பது 9 முதல் 12 வரையான வகுப்புகள். குரூப் கிடையாது, பாடங்களை 'கிரெடிட்' கணக்கில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஓர் ஆண்டுப் பாடம் ஒரு கிரெடிட், அரையாண்டுப் பாடம் அரை கிரெடிட்.

இதற்குள்ளும் இரண்டு குடும்பங்கள் உண்டு. கத்தோலிக்கப் பள்ளிகள் பணத்தைப் பற்றிப் பேசும்போது தொழிலாளி, நியாயமான கூலி, பொதுநலம் என்று தொடங்கும். அதற்கு அடிப்படை பாப்பரசர் 13-ம் லியோ 1891-ல் எழுதிய சுற்றுமடல். (2025-ல் பொறுப்பேற்ற பாப்பரசர் லியோ என்ற பெயரை எடுத்ததற்கு அந்தச் சுற்றுமடலையும் ஒரு காரணமாகச் சொன்னார் என்பது நினைவிருக்கும்.) சுவிசேஷக சபைகளின் பள்ளிகள் தொடங்கும் இடம் வேறு. பணம் கடவுளுடையது, நீ அதைப் பார்த்துக்கொள்ளும் வெறும் உக்கிராணக்காரன், ஆகவே தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடு, கடன் வாங்காதே, சேர்த்து வை. 'கிறிஸ்தவ நிதிப் பாடம்' என்று பொதுவாகப் பேசப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். இங்கேயும் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

மாகாணச் சட்டம் யாரைக் கட்டுப்படுத்தும்?

1. ஃபுளோரிடாவில் 2022-ல் வந்த சட்டப்படி, 2023-24-ல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் முதல் அனைவரும் பர்சனல் ஃபைனான்ஸில் அரை கிரெடிட் எடுத்தே ஆக வேண்டும்.

2. கலிஃபோர்னியா 2024-ல் சட்டம் போட்டது. 2027-28-க்குள் பள்ளிகள் பாடத்தைத் தொடங்க வேண்டும். 2030-31-ல் பள்ளி முடிப்பவர்களுக்குக் கட்டாயம்.

3. இந்த இரண்டு சட்டங்களும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானவை. தனியார் கிறிஸ்தவப் பள்ளி இந்தப் பாடத்தை நடத்தினால் அது அந்தப் பள்ளியின் விருப்பம். நடத்தாவிட்டாலும் சட்டமீறல் இல்லை.

'எங்கள் பள்ளியிலும் ஃபைனான்ஸ் இருக்கிறது' என்று ஒரு பள்ளி சொன்னால், மாகாணம் வகுத்த பாடத்திட்டத்தைத்தான் நடத்துகிறது என்று அர்த்தம் இல்லை. அதே பெயரில் வேறு சரக்கு இருக்கலாம்.

அரசுப் பணம் வாங்கினால் அரசுப் பாடம் நடத்த வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2022-ல் மெய்ன் மாகாணத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் சொன்னது இது: தனியார் பள்ளிக்குக் கட்டணம் கொடுக்கும் திட்டம் என்று ஒன்றை வைத்துவிட்டால், மதப் பள்ளி என்பதற்காக மட்டும் ஒரு பள்ளியை ஒதுக்கக் கூடாது. பணத்தோடு என்னென்ன நிபந்தனைகள் வரும் என்பது ஒவ்வொரு மாகாணத் திட்டத்துக்கும் மாறும்.

வகுப்பில் என்னதான் நடக்கும்?

நல்ல கிறிஸ்தவப் பள்ளி ஒன்றின் பட்டியலில் பொதுவாக இவ்வளவு இருக்கும்: அக்கவுண்டிங், பர்சனல் ஃபைனான்ஸ், பொருளாதாரம், தொழில்முனைவு. பெரிய பள்ளியாக இருந்தால் மார்க்கெட்டிங், தொழில் சட்டம். அக்கவுண்டிங்கில் பைபிளுக்கு வேலை குறைவு. பொருளாதாரத்தில் கொஞ்சம் உண்டு. பர்சனல் ஃபைனான்ஸில்தான் இரண்டும் நன்றாகக் கலக்கும். அதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

*தசமபாகம்.* பர்கர் கடையில் வார இறுதியில் வேலை பார்க்கும் பதினாறு வயதுப் பிள்ளையின் சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். வாரச் சம்பளம் 200 டாலர். சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்துக்கு 6.2 சதவீதம், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதம், ஆக 15.30 டாலர் பிடித்தம். இவ்வளவு சிறிய வருமானத்தில் பொதுவாக மத்திய வருமான வரி எதுவும் பிடிக்க மாட்டார்கள். டெக்சஸில் மாகாண வருமான வரியும் இல்லை. கைக்கு வருவது 184.70. இப்போது பத்தில் ஒரு பங்கு எதன் மேல்? மொத்தத்தின் மேல் என்றால் 20 டாலர், கைக்கு வந்ததன் மேல் என்றால் 18.47.

சபைகளில் நெடுங்காலமாக நடக்கும் வாதம் இது. 'உன் எல்லா விளைவின் முதற்பலனாலும்' என்ற நீதிமொழியைக் காட்டி மொத்தத்தின் மேல்தான் என்பார்கள் ஒரு சாரார். வேதத்தில் யார் ஜெயித்தாலும் சரி, ஒன்றரை டாலருக்கு வாதாடி முடிக்கும்போது மொத்தச் சம்பளம், பிடித்தம், நிகரச் சம்பளம் மூன்றும் பிள்ளைக்கு அத்துப்படியாகியிருக்கும். சாதாரண வகுப்பில் இதை இவ்வளவு சூடாகச் சொல்லித் தர முடியாது என்றுதான் தோன்றுகிறது.

பட்ஜெட்டில் கொடுப்பதை முதல் வரியில் எழுதும் பழக்கத்திலும் எனக்குக் குறை சொல்லத் தெரியவில்லை. ஆனால் அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு என்று பொதுவாகச் சொல்வது, வருமான வரியே கட்டாத அந்தப் பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது.

*கடன்.* இங்கேதான் உரசல் ஆரம்பம். 'கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை' என்பது நீதிமொழிகள் 22:7. இந்த வசனத்தை அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர் டென்னசி மாகாணத்து வானொலிப் பேச்சாளர் டேவ் ராம்சி. 1980-களின் கடைசியில் தானே கடனில் மூழ்கித் திவாலானவர். அவருடைய நிறுவனம் ஹைஸ்கூலுக்கென்றே ஒரு பாடத்தொகுப்பு விற்கிறது. அவர் சொல்கிற முறை: கடன்களைத் தொகை வரிசையில் அடுக்கு, வட்டி எவ்வளவு என்று பார்க்காதே, இருப்பதிலேயே சின்னக் கடனை முதலில் அடை. அது முடிந்த உற்சாகத்தில் அடுத்ததற்குப் போ.

கணக்கு வேறு சொல்லும். ஒருவருக்கு 9 சதவீத வட்டியில் 2,000 டாலரும், 24 சதவீத வட்டியில் 6,000 டாலரும் கடன் இருக்கிறது. கையில் 2,000 டாலர் வந்திருக்கிறது. சின்னக் கடனை அடைத்தால் ஆண்டுக்கு 180 டாலர் வட்டி மிச்சம். அதே பணத்தைப் பெரிய கடனில் போட்டால் 480 மிச்சம். வித்தியாசம் 300 டாலர். மனசு தளராமல் இருக்க அந்த 300 டாலர் தகும் என்று ஒருவர் முடிவெடுக்கலாம், தப்பே இல்லை. ஆனால் பிள்ளைக்கு இரண்டு எண்ணையும் காட்டிவிட்டு முடிவெடுக்கச் சொல்ல வேண்டும்.

கிரெடிட் கார்டே வேண்டாம் என்ற அறிவுரையும் இப்படித்தான். அமெரிக்காவில் ஒருவரை நம்பிக் கடன் கொடுக்கலாமா என்று மதிப்பிடும் ஃபைகோ ஸ்கோர் 300 முதல் 850 வரை போகும். அதில் 35 சதவீதம், வாங்கிய கடனை நேரத்துக்குக் கட்டினாயா என்பதற்கு. 30 சதவீதம், எவ்வளவு பாக்கி என்பதற்கு. கடனே வாங்காதவருக்குக் கெட்ட ஸ்கோர் வராது, ஸ்கோரே இருக்காது. ஸ்கோர் இல்லாமல் அப்பார்ட்மென்ட் தேடுவது, முன்பணம் கட்டாமல் மின் இணைப்பு வாங்குவது எல்லாம் எவ்வளவு அலைச்சல் என்று விசாவோடு வந்து இறங்கிய எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்லும். போதாததற்கு 2009-ம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழே இருப்பவருக்குச் சொந்த வருமானமோ பொறுப்பேற்கும் இன்னொருவரோ இல்லாமல் கார்டு கிடையாது. கடன் வேண்டாம் என்பது நல்ல ஒழுக்கம்தான். ஆனால் ஸ்கோர் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று சொல்லித் தராமல் விட்டால் பாடம் பாதிதான் நடந்திருக்கிறது.

*லாப விகிதம்.* எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். இதில் வேதம் கலக்கவே இல்லை, ஆனால் வேதம் சொல்கிறவர் வாயிலிருந்து வருவதால் கேள்வி கேட்காமல் உள்ளே போய்விடுகிறது. நல்ல மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் சராசரி 12 சதவீதம் வரும் என்று ராம்சி பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். 1926-லிருந்து பெரிய அமெரிக்க நிறுவனப் பங்குகள் கூட்டுவட்டிக் கணக்கில் ஆண்டுக்குக் கொடுத்தது ஏறத்தாழ 10 சதவீதம், அதுவும் விலைவாசி உயர்வைக் கழிக்காமல்.

இரண்டு சதவீதம் எங்கிருந்து முளைத்தது? ஒவ்வோர் ஆண்டின் விகிதத்தையும் கூட்டி ஆண்டுகளால் வகுத்தால் வரும் சராசரி எப்போதும் கூடுதலாகத் தெரியும். 100 டாலர் முதல் ஆண்டு 50 சதவீதம் ஏறி 150 ஆகிறது. மறு ஆண்டு 50 சதவீதம் இறங்கி 75 ஆகிறது. சராசரி பூஜ்யம். கையில் இருப்பதோ 25 டாலர் குறைவு.

இதன் விளைவு சின்னது இல்லை. 18 வயது முதல் 65 வரை மாதம் 100 டாலர் போடுகிறோம் என்று வைத்துக்கொண்டால், 12 சதவீதத்தில் சுமார் 27.3 லட்சம் டாலர் வரும். 10 சதவீதத்தில் 12.8 லட்சம். விலைவாசியைக் கழித்துப் பார்க்க 7 சதவீதம் என்று வைத்தால் 4.4 லட்சம். மூன்றிலும் போட்ட பணம் ஒரே 56,400 டாலர்தான். பாடப்புத்தகத்தில் முதல் எண் மட்டும் இருந்தால், 'மற்ற இரண்டும் எங்கே சார்?' என்று பிள்ளை கேட்க வேண்டும்.

கல்லூரி ஏற்குமா?

கலிஃபோர்னியாவில் இதைப் பற்றி ஒரு பெரிய வழக்கே நடந்தது. மரியேட்டா என்ற ஊரில் உள்ள ஒரு கிறிஸ்தவப் பள்ளியும், கிறிஸ்தவப் பள்ளிகளின் கூட்டமைப்பு ஒன்றும் சேர்ந்து 2005-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டன. உயிரியல், வரலாறு, இலக்கியம் ஆகியவற்றில் கிறிஸ்தவப் பாடநூல்களைக் கொண்டு நடத்திய சில பாடங்களைப் பல்கலைக்கழகம் சேர்க்கைத் தகுதிக்கு ஏற்க மறுத்தது என்பது புகார். மதத்துக்காக மறுக்கவில்லை, கல்லூரிக்கு வேண்டிய பாடப்பொருள் அதில் போதவில்லை என்றது பல்கலைக்கழகம். 2008-ல் கீழ் நீதிமன்றம், 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டுமே பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றன.

நிதிப் பாடம் அந்த வழக்கில் இல்லை. ஆனால் நிதிப் பாடத்துக்கும் அளவுகோல் அதுதான். வசனம் இருந்தால் பாடம் தள்ளப்படாது, சரக்கு இல்லாவிட்டால் தள்ளப்படும். இதில் நடைமுறையாகப் பார்க்க வேண்டியவை:

1. பள்ளிக்கு அங்கீகாரம் யார் கொடுத்தது? காக்னியா போன்ற எல்லோரும் அறிந்த அமைப்பா, சபைகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட அமைப்பா? பாதியில் அரசுப் பள்ளிக்கு மாறினால் கிரெடிட்டை ஏற்பார்களா என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தது.

2. வெளியே ஒருவர் வைக்கும் தேர்வு உண்டா? ஹைஸ்கூலிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வுகளான ஏ.பி.யில் மைக்ரோ, மேக்ரோ பொருளாதாரத் தேர்வுகள் நெடுநாளாக இருக்கின்றன. பர்சனல் ஃபைனான்ஸும் பிசினஸும் சேர்ந்த புதிய ஏ.பி. பாடத்தை 2026-27 முதல் நாடு முழுக்கக் கொண்டுவரப்போவதாக, ஏ.பி. தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு அறிவித்தது. அக்கவுண்டிங்குக்கு, தேறினால் கல்லூரிக் கிரெடிட் கிடைக்கக்கூடிய கிளெப் தேர்வு உண்டு. ஐந்துக்கு ஐந்து வாங்கிய ஏ.பி. தாளில் பள்ளியின் மதம் எழுதியிருக்காது.

3. பக்கத்துக் கல்லூரியோடு இரட்டை கிரெடிட் ஏற்பாடு (ஒரே பாடம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் கணக்காவது) இருக்கிறது என்றால், அந்தக் கிரெடிட்டை உங்கள் பிள்ளை போக நினைக்கும் மாகாணப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று அங்கேயே நேராகக் கேட்பது நல்லது. பள்ளி அலுவலகம் சொல்வது மட்டும் போதாது.

பாடத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய, ஆனால் எளிதில் விட்டுப்போகும் அத்தியாயம்

கிறிஸ்தவப் பள்ளியின் நிதிப் பாடம் உருப்படியானதா என்று பார்க்க நான் தேடுவது ஒன்றைத்தான்: சபைக்குள் நடக்கும் பண மோசடி பற்றிப் பேசுகிறதா? 'நம்மவர்' என்ற நம்பிக்கையை முதலாக வைத்து நடத்தும் மோசடியைப் பற்றி அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமே தனியாக எச்சரிக்கை வைத்திருக்கிறது. சபையில் நடந்தாலும் தமிழ்ச் சங்கத்தில் நடந்தாலும் வேலை ஒன்றுதான்.

அரிசோனாவில் பாப்டிஸ்ட் சபையார் நடத்திய அறக்கட்டளை 1999-ல் கவிழ்ந்தபோது அதில் பணம் போட்டிருந்தவர்கள் சுமார் 11,000 பேர். பலர் ஓய்வுபெற்ற சபை மக்கள். கணக்கைத் தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் 2002-ல் 21.7 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

அதற்கும் முந்தையது பென்சில்வேனியாவின் நியூ எரா அறக்கட்டளை. பணத்தைக் கொண்டுவாருங்கள், சில மாதத்தில் இரட்டிப்பாகத் தருகிறோம், பெயர் சொல்ல விரும்பாத கொடையாளிகள் சமமாகப் போடுகிறார்கள் என்றார்கள். கிறிஸ்தவக் கல்லூரிகள், மிஷன் அமைப்புகள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் போட்டார்கள். சிலருக்கு இரட்டிப்பாக வரவும் வந்தது, பின்னால் வந்தவர்களின் பணத்திலிருந்து. கொடையாளிகள் என்று யாருமே இல்லை.

இதைப் பிடித்தவர் போலீஸ்காரர் இல்லை. மிச்சிகனில் ஸ்பிரிங் ஆர்பர் என்ற சிறிய கிறிஸ்தவக் கல்லூரியில் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுத்த ஆல்பர்ட் மேயர். அவருடைய கல்லூரியே அங்கே பணம் போட்டிருந்தது. அவர் செய்தது, நியூ எரா வரித்துறைக்குக் கொடுத்த 990 படிவத்தை, அதாவது தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் வரவு செலவுக் கணக்கை, வரவழைத்துப் படித்ததுதான். இத்தனை கோடி டாலரை மாதக்கணக்கில் கையில் வைத்திருக்கும் அமைப்புக்கு வங்கி வட்டி கணிசமாக வந்திருக்க வேண்டும். படிவத்தில் காட்டியிருந்த வட்டி வருமானமோ மிகக் கொஞ்சம். அப்படியானால் பணம் வங்கியில் இல்லை. நல்ல ஊழியத்தைச் சந்தேகப்படலாமா என்று சுற்றியிருந்தவர்கள் முகம் சுளித்தும் அவர் விடவில்லை. பங்குச் சந்தை ஆணையத்துக்கு எழுதினார். 1995 மே மாதம் நியூ எரா திவாலானது. நடத்தியவருக்கு 1997-ல் 12 ஆண்டுச் சிறை.

அவர் பயன்படுத்திய அறிவு மொத்தமும் ஹைஸ்கூல் அக்கவுண்டிங்கில் வருவதுதான். இருப்பு இவ்வளவு என்றால் வட்டி இவ்வளவு வர வேண்டும், வரவில்லையென்றால் ஏன்? இதே பயிற்சியைப் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே கொடுக்கலாம். பெரும்பாலான அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களின் 990 படிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தெரிந்த மிஷன் அமைப்பு ஒன்றை எடுத்துத் தலைவருக்கு என்ன சம்பளம், வந்த காணிக்கையில் எவ்வளவு ஊழியத்துக்குப் போனது என்று பார்க்கச் சொன்னால், ஒரு பீரியடில் ஒரு மாதப் பாடம் நடந்துவிடும்.

ஆனால் ஒரு விஷயம். சபைகளுக்கு இந்தப் படிவம் தாக்கல் செய்வதிலிருந்து விலக்கு உண்டு. சபையோடு இணைந்த, கல்லூரிக்குக் கீழான பள்ளிகளுக்கும் உண்டு. அதாவது இந்தப் பாடத்தை நடத்துகிற பள்ளியின் படிவமே பல சமயம் கிடைக்காது. ஆகவே சேர்க்கைக்குப் போகிற அன்று பாடத்திட்டத்தோடு, பள்ளியின் தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கையும் பெற்றோருக்குக் காட்டுவீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.